வறட்சி தாங்கும் விதையை நம்ம காட்டிலேயே பொறுக்கி எடுப்பது எப்படி?

வறட்சி தாங்கும் ரகம் எது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் காட்டில் பயிர் எந்தக் கட்டத்தில் காய்கிறது? முளைத்த முதல் மாதத்திலா, தூர் கட்டும்போதா, கதிர் தள்ளும்போதா, பால் பிடித்த பிறகா? இதற்குப் பதில் தெரியாமல் விதை தேடுவதில் பயனில்லை. எல்லாக் காய்ச்சலையும் தாங்கக்கூடிய ஒரே குணம் என்று எந்தப் பயிரிலும் கிடையாது. முதல் மாதக் காய்ச்சலுக்குக் கைகொடுக்கும் குணம் வேறு, கடைசி மாதக் காய்ச்சலுக்குக் கைகொடுப்பது வேறு, சில சமயம் ஒன்று இன்னொன்றுக்கு எதிராகவே நிற்கும்.

கேழ்வரகு, சாமை, கொள்ளு, நிலக்கடலை என்று மானாவாரியை நம்பி இருப்பவர்கள், வீட்டு விதையை விடாமல் வைத்திருப்பவர்கள், ஊரில் விதைக் குழு நடத்துபவர்கள், வேளாண்மை படிக்கும் பிள்ளைகள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். விளைச்சலைப் பார்த்து விதை எடுப்பது நமக்குத் தெரிந்த வழி. ஆனால் மானாவாரியில் ஒரு செடியின் விளைச்சலில் மண்ணுக்கும் அந்த வருட மழைக்கும் பெரிய பங்கு உண்டு, செடியின் சொந்தக் குணம் அதற்குள் மறைந்து போய்விடுகிறது. செடி தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறது, எப்படிச் செலவழிக்கிறது, எடுத்ததை மணியாக மாற்றுகிறதா என்று தனித்தனியாகப் பார்த்தால் அந்தக் குணம் கொஞ்சம் வெளியே தெரியும். இதைத்தான் உடலியல் குணங்களை வைத்துத் தேர்வு செய்வது என்கிறார்கள்.

மழைக் கணக்கும் மண் கணக்கும்

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் இரண்டு பருவமழையும் உண்டு. கூடுதலாகப் பெய்வது செப்டம்பர், அக்டோபர். ஆனியிலும் ஆடியிலும் ஒரு மழை பெய்யும், விதைப்போம், அப்புறம் வானம் வெளுத்துவிடும். ஆடிப்பட்டத்துக் கேழ்வரகுக்கு இந்த இடைவெளி வருவது பெரும்பாலும் தூர் கட்டும் பருவத்தில், அதாவது 20 நாளில் இருந்து 45 நாளுக்குள். பூக்கும் சமயத்தில் புரட்டாசி மழை வந்து சேர்ந்துவிடுகிறது. ஆக நம் கேழ்வரகுக்கு வேண்டியது காய்ச்சலில் சாகாமல் அடங்கிக் கிடந்து, மழை வந்ததும் சட்டென்று எழுந்து தூர் வைக்கும் குணம். புரட்டாசி, ஐப்பசியில் போடும் கொள்ளுக்குக் கதை நேர் எதிர். அது ஈரத்தில் பிறந்து, மார்கழிப் பனியில் மண் ஈரம் தீரத் தீரக் காய் பிடிக்க வேண்டிய பயிர். அதற்கு வேண்டியது சீக்கிரம் பூப்பதும், கீழே மிச்சம் இருக்கும் ஈரத்தை எட்டிப் பிடிக்கும் வேரும், தண்டில் சேர்த்ததைக் காய்க்கு இறக்கும் திறமையும்.

இது பொதுவாகச் சொன்னது. அஞ்செட்டி மழை வேறு, ஊத்தங்கரை மழை வேறு, பென்னாகரத்து மேட்டுக்காடும் தேன்கனிக்கோட்டையும் ஒன்றில்லை. அதனால் உங்கள் ஊருக்கு ஒரு மழைமானியும் ஒரு நோட்டும் வையுங்கள். பெய்த நாளும் மில்லிமீட்டரும் எழுதுங்கள், பத்து நாளுக்கு மேல் மழை இல்லாத இடைவெளி எப்போதெல்லாம் வந்தது என்று தனியாகக் குறியுங்கள். பழைய வருடங்களுக்குப் பக்கத்து மழைமானி நிலையத்துக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். பத்து வருடக் கணக்கை ஒரே தாளில் போட்டாலே எந்த வாரம் அடிக்கடி காய்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது குழி. விதைப்புக்கு முன்னால் காட்டில் இரண்டு மூன்று இடத்தில் நாலடி ஆழத்துக்கு வெட்டிப் பாருங்கள். நம் செம்மண் காடுகளில் பல இடத்தில் ஒன்றரை அடி, இரண்டடிக்குக் கீழே சரளையோ பாறையோ வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஆழமாக வேர் விடும் ரகத்தைத் தேடி என்ன பயன்? வேர் போவதற்கு இடமே இல்லை. அங்கே சிக்கனமாகத் தண்ணீர் செலவழிக்கும் செடியும் சீக்கிரம் முடிக்கும் செடியும்தான் ஜெயிக்கும். மண் ஆழமாக இருக்கும் ஓடையோரக் காட்டில் ஆழமான வேர் உண்மையிலேயே காசு. நெல்லில் ஆழ வேருக்குக் காரணமான டிஆர்ஓ1 என்ற மரபணுவை ஜப்பானியர்கள் 2013ல் வெளியிட்டார்கள். கினன்டாங் படோங் என்ற மேட்டுநில நெல்லில் இருந்து அதை ஐஆர்64 என்ற நெல் ரகத்துக்குக் கொண்டுவந்து, வறட்சியில் விளைச்சல் கூடுவதைக் காட்டினார்கள். ஆனால் அது கீழே தண்ணீர் இருக்கும் மண்ணுக்கான தீர்வு. குழி வெட்டாமல் வேரைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்று கேள்வி

ஆஸ்திரேலியாவில் பாசியூரா என்ற விஞ்ஞானி 1977ல் ஒரு எளிய கணக்குச் சொன்னார். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் விளைச்சல் என்பது மூன்று விஷயத்தின் பெருக்கல்: செடி உறிஞ்சி ஆவியாக்கிய தண்ணீர், ஒவ்வொரு லிட்டருக்கும் அது உண்டாக்கிய பயிர் எடை, அந்த எடையில் மணியாக மாறிய பங்கு. எந்தக் குணத்தைப் பற்றி யார் பெருமையாகப் பேசினாலும் இந்த மூன்றில் எதைக் கூட்டுகிறது என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்தக் குணத்தை அளப்பதில் நேரம் போக்க வேண்டாம்.

மூன்றும் ஒன்றோடொன்று இழுபறியில் இருப்பவை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டருக்கு அதிக எடை காட்டும் செடிகளில் பல, உண்மையில் இலைத்துளையை இறுக்கி மூடிக்கொண்டு மெதுவாக வளரும் செடிகள். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் அவை பின்தங்கிவிடும். நிலக்கடலை ஆராய்ச்சிகளில் தண்ணீர்ச் சிக்கனம் கூடிய சில வகைகளில் காய்க்குப் போகும் பங்கு குறைந்ததைக் கண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு குணத்தை மட்டும் இழுத்துக்கொண்டு போனால் இந்த மாதிரி எங்காவது முட்டும்.

காட்டில் எதை, எப்படி அளப்பது

முதலில் செலவே இல்லாதது: தோகை சுருளுவது. கேழ்வரகிலும் சோளத்திலும் நெல்லிலும் இதைப் பார்க்கலாம். காய்ச்சல் ஆரம்பித்து ஐந்தாறு நாள் கழித்து ஒரு வகைக்கு ஒரு வரிசை என்று விதைத்த காட்டில் ஒரே நாளில் மூன்று தடவை வரிசை வரிசையாக நடந்து பாருங்கள்: காலை பதினொரு மணி, மதியம் இரண்டு, சாயங்காலம் ஐந்து. அடுத்த நாள் விடியற்காலை ஒரு தடவை. மதியம் சுருண்டு சாயங்காலம் விரிந்துவிட்டால் செடி தன்னைக் காத்துக்கொள்கிறது என்று அர்த்தம், அதைக் குறையாக எழுதாதீர்கள். பதினொரு மணிக்கே சுருளும் வரிசைக்கும் இரண்டு மணி வரை தாக்குப்பிடிக்கும் வரிசைக்கும் வித்தியாசம் உண்டு. விடிந்து பார்க்கும்போதும் சுருண்டே இருக்கும் செடிக்குத்தான் தண்ணீர் உண்மையில் தீர்ந்துவிட்டது. ராத்திரி முழுக்க நேரம் கிடைத்தும் அதால் நிரப்பிக்கொள்ள முடியவில்லை. அந்த விடியற்காலைப் பார்வைதான் எனக்கு மிகவும் நம்பகமானதாகத் தெரிகிறது, பலரும் அதைத்தான் தவறவிடுகிறார்கள்.

இரண்டாவது, பயிர்மேல் சூடு. செடி தண்ணீரை ஆவியாக்கும்போது இலை குளிர்கிறது. பக்கத்துப் பக்கத்து வரிசையில் ஒன்று இரண்டு டிகிரி குளிர்ச்சியாக இருந்தால் அதன் வேர் இன்னும் எங்கோ ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேரைத் தோண்டாமலே வேரைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. மெக்ஸிகோவில் உள்ள சிம்மிட் என்ற ஆராய்ச்சி நிலையத்துக் கோதுமை விஞ்ஞானிகள் வருடக்கணக்காக இதை வைத்துத் தேர்வு செய்கிறார்கள். தூரத்தில் இருந்தே சூடு காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும், ஆனால் நெற்றியில் காட்டும் மருத்துவ மாடலை வாங்காதீர்கள். அது உடம்புச் சூட்டுக்குப் பக்கத்து அளவுகளை மட்டும்தான் காட்டும். கருவியின்மேல் 12:1 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் தள்ளி நின்றால் சுமார் எட்டு சென்டிமீட்டர் வட்டத்தைப் பார்க்கிறது என்று அர்த்தம். அந்த வட்டத்துக்குள் மண் தெரியக் கூடாது. மதியத்துச் செம்மண் இலையைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும், கொஞ்சம் மண் தெரிந்தாலும் அளவு கெட்டுவிடும். பயிர் மூடாத இளம் காட்டில் இந்த அளவை எடுக்கவே வேண்டாம். மேகம் இல்லாத, காற்று அடங்கிய நாளில் பதினொன்றில் இருந்து இரண்டு மணிக்குள், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க, உங்கள் நிழல் பயிர்மேல் விழாமல், சாய்வாகப் பிடித்து ஒவ்வொரு வரிசையிலும் நாலைந்து இடத்தில் எடுத்துச் சராசரி போடுங்கள். ஒப்பீட்டுக்காக நட்ட ரகத்தின் வரிசையை நடுநடுவே திரும்பத் திரும்ப அளந்து, அதைவிட எத்தனை டிகிரி குறைவு அல்லது கூடுதல் என்று மட்டும் எழுதுங்கள். வெறும் 33, 34 என்று எழுதிய எண்ணை அடுத்த நாள் எண்ணோடு ஒப்பிட முடியாது.

மூன்றாவது, இலையில் மிச்சம் இருக்கும் ஈரம். இதற்கு நகைக்கடையில் வைத்திருப்பது மாதிரி மில்லிகிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே வயதுள்ள, ஒரே இடத்தில் உள்ள இலையைக் கிள்ளி உடனே பிளாஸ்டிக் கவரில் போட்டு, நிழலில் கொண்டுவந்து எடை போடுங்கள். அப்புறம் தண்ணீரில் நாலு மணி நேரம் மிதக்க விட்டு, மேல் ஈரத்தை ஒற்றி எடுத்து மறுபடி எடை. அப்புறம் 70, 80 டிகிரி அடுப்பில் ஒரு நாள், அது இல்லையென்றால் எடை மாறாமல் நிற்கும் வரை நல்ல வெயிலில் காயவைத்து மூன்றாவது எடை. பச்சை எடையில் இருந்து காய்ந்த எடையைக் கழியுங்கள், தண்ணீர் குடித்த எடையில் இருந்தும் காய்ந்த எடையைக் கழியுங்கள், முன்னதைப் பின்னதால் வகுத்து நூறால் பெருக்குங்கள். பச்சை 1.80 கிராம், தண்ணீர் குடித்தது 2.10, காய்ந்தது 0.50 என்றால் 1.30ஐ 1.60ஆல் வகுக்க 81 சதவீதம். பக்கத்து வரிசை 1.50, 2.10, 0.50 என்றால் 62 சதவீதம்தான். எல்லா வரிசையையும் ஒரே மணி நேரத்துக்குள் கிள்ளி முடிக்க வேண்டும், இல்லையென்றால் நேர வித்தியாசம்தான் தெரியும், ரக வித்தியாசம் தெரியாது. அதனால் நூறு வரிசைக்கு இதைச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். கண்ணாலும் சூட்டாலும் வடிகட்டிய பத்துப் பன்னிரண்டு வரிசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலக்கடலை போடுபவர்களுக்கு ஒரு தனி வழி உண்டு. கடலையில் இலை தடித்த செடி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு அதிக எடை சேர்க்கும். ஹைதராபாத் பக்கம் படான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற மானாவாரிப் பயிர் ஆராய்ச்சி நிலையமும் ஆஸ்திரேலியர்களும் சேர்ந்து இதை நன்றாகவே நிறுவியிருக்கிறார்கள். இலையின் பச்சையை அளக்கும் ஸ்பேட் மீட்டர் இருந்தால் ஒரு நொடியில் எண் வரும், கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டால் கிடைக்கும். இல்லாவிட்டால் மேலிருந்து மூன்றாவது விரிந்த இலையில் ஒரே அளவு வட்டமாக ஐம்பது துண்டு குத்தி எடுத்துக் காயவைத்து எடை போடுங்கள். எடை கூடினால் இலை தடிப்பு. காலையில் ஒரே நேரத்தில் எடுங்கள், பகலில் இலையில் மாவுச்சத்து சேரச் சேர எடை மாறும். கோதுமையில் இதே வேலையைக் இலையில் தங்கும் கார்பன் 13 என்ற கனமான கார்பனின் அளவை வைத்து ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சி நிறுவனம் செய்தது, ஃபார்குவாரும் ரிச்சர்ட்ஸும் 1984ல் காட்டிய தொடர்பில் இருந்துதான் டிரைஸ்டேல், ரீஸ் என்ற ரகங்கள் வந்தன. கேழ்வரகு, சோளம், கம்பு எல்லாம் வேறு வகை ஒளிச்சேர்க்கை செய்யும் பயிர்கள், அவற்றுக்கு அந்தக் கார்பன் சோதனை அவ்வளவாக உதவாது. அதனால் யாராவது ஆய்வகத்தில் காசு கட்டச் சொன்னால் எந்தப் பயிருக்கு என்று முதலில் கேளுங்கள்.

கடைசிக் காய்ச்சலில் காயும் பயிருக்குத் தண்டுச் சேமிப்பு முக்கியம். இலை வேலை நிறுத்திய பிறகும், முன்பு தண்டில் சேர்த்து வைத்த சர்க்கரையை மணிக்கு இறக்கும் செடிகள் உண்டு. இதைச் சோதிக்க இஸ்ரேலில் ஏப்ரஹாம் புளும், பூத்துச் சுமார் இரண்டு வாரம் கழித்து மருந்து அடித்து இலையைக் கருக்கிப் பார்த்தார். நமக்கு மருந்து வேண்டாம். சாமையிலோ கேழ்வரகிலோ ஒவ்வொரு வரிசையிலும் பத்துச் செடியில் தோகையை எல்லாம் கிள்ளிவிடுங்கள், பக்கத்தில் பத்துச் செடியை அப்படியே விடுங்கள். அறுத்த பிறகு இரண்டிலும் ஆயிரம் மணியை எண்ணி எடை போடுங்கள். கேழ்வரகில் ஆயிரம் மணி இரண்டு, மூன்று கிராம்தான் இருக்கும், அதனால் இதற்கும் அந்தச் சின்னத் தராசுதான். கிள்ளாத செடியோடு ஒப்பிட்டால் கிள்ளிய செடியின் மணி எடையில் இழப்பு எவ்வளவு கொஞ்சமோ அவ்வளவுக்கு அந்தத் தண்டு நம்பகமானது.

பச்சையாக நிற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்

எல்லாம் காய்ந்த காட்டில் ஒரு செடி மட்டும் பச்சையாக நிற்கும். யாருக்கும் கை அங்கேதான் போகும். கதிரைத் தொட்டுப் பாருங்கள். விரலால் நசுக்கினால் உள்ளே பதராக இருந்தால் அந்தப் பச்சைக்குக் காரணம் வேறு: இழுப்பதற்கு மணி இல்லாததால் இலையில் இருந்தது இலையிலேயே தங்கிவிட்டது. மணி நிறைந்திருந்தும் பச்சையாக நிற்கும் செடி மட்டும்தான் நமக்கு வேண்டியது. சோளத்தில் இந்தப் பச்சை தங்கும் குணத்துக்குப் பி35 என்ற எத்தியோப்பிய வம்சத்து வகையை உலகம் முழுவதும் பெற்றோராகப் பயன்படுத்துகிறார்கள். சோளத்தட்டை மாட்டுக்குப் போடும் நம் வீடுகளுக்கு அது இரட்டை லாபம், மணியோடு தட்டும் சத்தாகக் கிடைக்கும். ஒவ்வொரு வரிசையிலும் அறுப்புக்கு முன் எத்தனை இலை பச்சை, ஒரு கதிருக்கு எத்தனை கிராம் மணி என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதிய நோட்டு எனக்குத் தேவையில்லை என்று எங்கள் குழுப் பிள்ளைகளிடமும் சொல்வதுண்டு.

இன்னொரு ஏமாற்று, முன்னால் பூப்பது. 95 நாள் ரகம் காய்ச்சல் வருவதற்குள் முடித்துவிடும், 120 நாள் ரகம் மாட்டிக்கொள்ளும். முதல் ரகம் தப்பித்ததே தவிரத் தாங்கவில்லை. தப்பிப்பதும் நல்ல குணம்தான், கொள்ளுக்கு அதுதான் பெரிய பலம். ஆந்திராவில் அனந்தப்பூர் மானாவாரிக்காரர்களிடம் இக்ரிசாட்டின் ஐசிஜிவி 91114 கடலை பிடித்துப்போனதற்கு அதன் குறைந்த வயதும் ஒரு காரணம். ஆனால் எது தப்பித்தது, எது தாங்கியது என்று தெரிய வேண்டுமென்றால் ஒரே வயதுள்ளவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் பாதிச் செடி பூத்த தேதியை எழுதாமல் விடாதீர்கள்.

காட்டை எப்படிப் பிரிப்பது

சரி, விதைப்புக்கு வருவோம். உங்கள் வீட்டு விதை, பக்கத்து ஊர்ப் பெரியவர்களிடம் இருக்கும் விதை, மலையில் இருந்து வந்த விதை எல்லாம் கலந்து ஓர் ஐம்பது அறுபது வகை சேருங்கள். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கத்துச் சாமையும் கேழ்வரகும் இதற்கு நல்ல மூலம். ஒப்பீட்டு ரகம் கட்டாயம் வேண்டும். காவேரிப்பட்டினத்துப் பக்கத்தில் பையூரில் இருக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் கேழ்வரகு, சாமை, கொள்ளு மூன்றிலும் நம் மண்ணுக்கென்றே ரகங்கள் விட்டிருக்கிறது. அவற்றில் ஒன்றை எடுத்து ஒவ்வொரு பத்து வரிசைக்கும் ஒரு வரிசை போடுங்கள். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10. ஓரத்தில் இரண்டு வரிசை காவல் பயிர், அதில் எதையும் அளக்க வேண்டாம்.

காடு சரிவாக இருந்தால் தாழ்ந்த பக்கத்து வரிசை எந்த ரகமாக இருந்தாலும் பச்சையாகத்தான் இருக்கும். பழைய குப்பைமேடு இருந்த இடம், புளிய மரத்து நிழல் விழும் இடம், எறும்புப் புற்று இடித்த இடம், இவற்றை எல்லாம் விதைக்கும் முன்பே குறித்துத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு வகையையும் காட்டில் இரண்டு இடத்திலாவது போடுங்கள், எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். நமக்குப் பிடித்த விதையை நல்ல இடத்தில் போட கை தானாகவே போகும்.

முடிந்தால் காட்டை இரண்டாக்கி ஒரு பாதிக்குக் காய்ச்சல் சமயத்தில் உயிர்த் தண்ணீர் கொடுங்கள், மறுபாதியை மழைக்கே விடுங்கள். இரண்டிலும் வரும் விளைச்சலை ஒப்பிட ஃபிஷரும் மௌரரும் 1978ல் சொன்ன குறியீடு ஒன்று இருக்கிறது: ஒரு ரகம் காய்ச்சலில் இழந்த பங்கை, எல்லா ரகமும் சராசரியாக இழந்த பங்கால் வகுப்பது. ஒன்றுக்குக் குறைந்தால் நல்லது என்பார்கள். இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் விட்ட பாதியில் சராசரி எக்டேருக்கு 2400 கிலோ, விடாததில் 1200, அதாவது பாதி போய்விட்டது. முதல் வகை 2800ல் இருந்து 1260க்கு வந்தது, இழந்தது 55 சதவீதம், குறியீடு 1.1. இரண்டாவது வகை 1500ல் இருந்து 1050க்கு வந்தது, இழந்தது 30 சதவீதம், குறியீடு 0.6. குறியீட்டைப் பார்த்தால் இரண்டாவதுதான் உசத்தி. ஆனால் காய்ந்த காட்டிலேயே முதல் வகைதான் 210 கிலோ கூடக் கொடுத்தது, மழை பெய்த வருடத்தில் கிட்டத்தட்ட இரு மடங்கு கொடுக்கும். நல்ல நாளிலும் கொடுக்காதது கெட்ட நாளில் இழப்பதற்கு அதனிடம் என்ன இருக்கிறது? அதனால் காய்ச்சலில் வந்த கிலோவை முதலில் பாருங்கள், குறியீட்டை அப்புறம் பாருங்கள்.

தேர்ந்த செடியில் இருந்து விதை வரை

கேழ்வரகு தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும் பயிர், அயல்மகரந்தம் ஒரு சதவீதம்கூட இருக்காது. கொள்ளும் கடலையும் ஏறக்குறைய இப்படித்தான். இது நமக்குப் பெரிய வசதி. கலப்பு விதையில் நல்ல தனிச்செடியைப் பிடித்து, அதன் கதிரைத் தனியாக அறுத்து, அடுத்த பட்டத்தில் ஒரு கதிருக்கு ஒரு வரிசை போட்டால் அந்தக் குணம் அப்படியே வரும். முதல் வருடம் ஒரு நூறு தனிச்செடி, இரண்டாம் வருடம் நூறு வரிசையில் தோகையும் சூடும் பார்த்து முப்பது, மூன்றாம் வருடம் முப்பதில் இலை ஈரமும் மணி எடையும் பார்த்து எட்டுப் பத்து, நாலாம் வருடம் அவற்றைப் பெரிய பாத்தியில். ஒவ்வொரு வருடமும் விளைச்சல் எண்ணையும் சேர்த்தே பாருங்கள். அளந்த குணம் நன்றாக இருக்கும் வரிசைகளில் காய்ச்சல் விளைச்சலும் கூடுகிறதா? கூடவில்லை என்றால் அந்தக் குணம் உங்கள் காட்டுக்குப் பொருந்தவில்லை, அடுத்த வருடம் அதை அளப்பதை விட்டுவிடுங்கள்.

ஒரு வகையில் எழுந்து தூர் வைக்கும் குணமும் இன்னொன்றில் மணி எடையும் இருந்து இரண்டும் ஒன்றாக வேண்டுமென்றால் ஒட்டுச் சேர்க்கத்தான், அதாவது ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் பூவில் சேர்க்கத்தான் வேண்டும். கேழ்வரகுப் பூ மிகச் சின்னது, கையால் ஆண் உறுப்பை எடுப்பது சிரமம். பழைய வழி ஒன்று உண்டு: பூக்கும் இரண்டு கதிரைச் சேர்த்துக் கட்டிவிடுவது. கணுவில் ஊதா நிறம் உள்ள வகையை ஆணாக வைத்துக்கொண்டு, பச்சைக் கணு உள்ள பெண் கதிரின் விதையை விதைத்தால், ஊதாவாக முளைப்பது மட்டும்தான் ஒட்டு, ஊதா மேலோங்கும் நிறம் என்பதால் அடையாளம் எளிது. அதில் இருந்து நிலையான வரிசை வர ஆறேழு தலைமுறை ஆகும். இந்த வேலையைத் தனியாகச் செய்யாமல் பையூரோடோ, பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களோடோ சேர்ந்து செய்வது புத்திசாலித்தனம். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் லட்சுமணய்யா நம் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் சேர்த்து உருவாக்கிய இண்டாஃப் ரகங்கள் ஓசூர் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் பிறந்தன. வறட்சி தாங்கும் எம்எல்365 கேழ்வரகின் முழு மரபணு வரைபடத்தையும் அதே பல்கலைக்கழகத்தார் 2017ல் வெளியிட்டார்கள். இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு வேலை நடந்திருக்கிறது, கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

மக்காச்சோளத்தில் வீரிய ஒட்டு விதையைத்தான் வாங்கப் போகிறோம், அங்கே நாம் செய்ய வேண்டியது தேர்வு மட்டும். ஆண் பூ மகரந்தம் கொட்டிய நாளுக்கும் கதிரில் பட்டுநூல் வெளியே வந்த நாளுக்கும் உள்ள இடைவெளியை எண்ணுங்கள். காய்ச்சலிலும் இரண்டு மூன்று நாளுக்குள் நூல் வந்துவிடும் ரகத்தை அடுத்த வருடமும் வாங்கலாம், ஒரு வாரம் தள்ளினால் கதிரில் பல்லுப் போன மாதிரி மணி இருக்கும். பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளிக்காரர்கள் பார்க்க வேண்டியது வேறு: கோடையில் பூ உதிர்வதற்குப் பெரிய காரணம் சூட்டில் மகரந்தம் செத்துப்போவது, ராத்திரிச் சூடும் சேர்ந்துதான். சித்திரையில் கொத்துக்கு எத்தனை பூ, அதில் எத்தனை பிஞ்சு என்று எண்ணினாலே ரக வித்தியாசம் தெரிந்துவிடும்.

தேறிய வரிசை கையில் வந்ததும், வேறு வேறு மண் உள்ள நாலைந்து பேருக்கு ஆளுக்கு அரைக் கிலோ கொடுத்து, அவரவர் வழக்கமான விதைக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். விளைந்ததை வீட்டில் அரைத்துக் களி கிண்டிப் பார்க்கட்டும், தட்டை மாடு தின்கிறதா என்றும் பார்க்கட்டும். இவை இரண்டும் பிடிக்காவிட்டால் எவ்வளவு வறட்சி தாங்கினாலும் யாரும் மறுபடி விதைக்க மாட்டார்கள். எல்லாருக்கும் பிடித்துவிட்டால் 2001ஆம் வருடத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தில் உழவர் ரகமாகவே பதிவு செய்யலாம். ரகம் மற்றவற்றில் இருந்து எதில் வேறுபடுகிறது, செடிக்குச் செடி ஒரே மாதிரி இருக்கிறதா, வருடத்துக்கு வருடம் மாறாமல் வருகிறதா என்று அங்கே கேட்பார்கள். அதற்குக் கணு நிறம், கதிர் வடிவம், பூக்கும் நாள் எல்லாம் முதல் வருடத்தில் இருந்தே நோட்டில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை ஊர்க் குழுவின் பெயரில் போடுங்கள், விதை கொடுத்த ஒவ்வொரு வீட்டின் பெயரையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.